1953-ஐ யார் சொல்வார்?

பினாங்கு மாநிலக் காற்பந்துக் குழு முதன்முதலாக மலாயாக் கிண்ணத்தை வென்ற ஆண்டு எது? சென்ற பருவத்தில் ஒருநாள் இரவு எங்கள் விடுதி அறையில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அறையில் ஆறு தமிழ் மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் மூவர் பினாங்கு மாநிலத்தவர். யாருக்கும் விடை தெரியவில்லை. அடுத்து, மான்செஸ்டர் யுனைடெட் ஒரே பருவத்தில் மூன்று கிண்ணங்களை வென்ற ஆண்டைக் கேட்டேன். "1999!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஆண்டில் அவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை.

நண்பர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

என் தாத்தா பட்டர்வொர்த்தில் வாழ்ந்தவர். இளமையில் பிறை ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தார். சனிக்கிழமை இரவுகளில் நான் தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார். "எங்க காலத்துல பினாங்கு டீம் சிங்கப்பூரையே கவுத்துச்சு, தெரியுமாய்யா? கடையில ரேடியோ கேட்டோம். அன்னிக்குக் கடைக்காரர் தேத்தண்ணிக்குக் காசே வாங்கல" என்பார். "சரி தாத்தா, அப்புறம் சொல்லுங்க" என்பேன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே. 2021-இல் தாத்தா இறந்துபோனார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன். 1921-இல் 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பலின் அதிகாரிகள் அன்பளிப்பாகக் கொடுத்ததுதான் மலாயாக் கிண்ணம். 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. தொடக்க காலத்தில் சிங்கப்பூரும் சிலாங்கூரும்தாம் அதிகமாக வென்றன. பினாங்கு பலமுறை இறுதியாட்டம் வரை போய்த் திரும்பியது. 1950-இல் சிங்கப்பூரிடம் தோற்றது. 1952-இல் மீண்டும் அதே சிங்கப்பூரிடம் 3-2 என்ற கணக்கில் தோற்றது. 1953-இல் அதே இரு குழுக்களும் இறுதியாட்டத்தில் மோதின. கோல் கணக்கும் அதே 3-2 தான். ஆனால் இம்முறை வென்றது பினாங்கு! போட்டி தொடங்கி 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதல் வெற்றி அது. மறு ஆண்டு 3-0 என்று சிங்கப்பூரை மீண்டும் வென்றது. 1958-இலும் அதே எதிரியை வீழ்த்தியது. நான்காவது வெற்றி 1974-இல் கிடைத்தது.

அன்றைய ஆட்டக்காரர்கள் இன்றைய தொழில்முறை வீரர்கள் அல்லர். நம் நாட்டில் அரைத்தொழில்முறை லீக் 1989-இல்தான் வந்தது. 1953-இல் விளையாடியவர்கள் பகலில் வேலை பார்த்தவர்கள். மாலையில்தான் காலணி மாட்டினார்கள். நாடோ அவசரகாலத்தில் இருந்தது. சுதந்திரத்திற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே பட்டர்வொர்த்துக்காரர் தீவில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் பெரி ஏறித்தான் போக வேண்டும். இவ்வளவையும் நூலகமும் இணையமும் எனக்குச் சொல்லின. எந்தக் கடையில் வானொலி கேட்டார்கள், பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், தாத்தா எந்த ஆட்டக்காரருக்காகக் கைதட்டினார் என்பதை மட்டும் எந்த நூலகமும் சொல்லாது. அது தாத்தாவோடு போய்விட்டது.

"பழைய காற்பந்துக் கதை நமக்குச் சோறு போடுமா? தமிழ்மொழிக் கழகத்துக்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் கழகங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன, கவியரங்கம் நடத்துகின்றன. அவை வேண்டும். ஆனால், ஒரு மொழி மேடையில் மட்டும் வாழ்வதில்லை. திடல் ஓரத்திலும் தேநீர்க் கடையிலும் நம் முன்னோர் கத்திய கத்தலிலும் அது வாழ்ந்தது. இந்நாட்டுத் தமிழர் வரலாறு என்றதும் ரப்பர் மரத்தையும் சஞ்சிக்கூலியையும் மட்டுமே சொல்கிறோம். நம்மவர் பட்ட துன்பத்தைச் சொல்ல வேண்டும்தான். ஆனால் மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துத் திடலில் அவர்கள் மகிழ்ந்ததும் வரலாறு இல்லையா? துன்பத்தை மட்டுமே எழுதி வைத்தால், நாளைய பிள்ளை தன் பாட்டனைப் பரிதாபத்துக்குரியவராக மட்டுமே காணும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவில் மு. சந்திரன் இருந்தார். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் தூண். பிறகு தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டம் போனபோது திடலும் போனது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக் வரை உயர்ந்தது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தமிழில் தொடர்ச்சியாக எழுதி வைத்தவர் எத்தனை பேர்? எழுதப்படாத வெற்றி இரண்டு தலைமுறையில் வதந்தியாகிவிடும். என் தாத்தா சொன்னதைக்கூட முதலில் நான் பெருமைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

ஆகவே நம் கழகத்திடம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பெரியவரைச் சந்தித்து அவருடைய விளையாட்டு நினைவுகளைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, பழைய நாளிதழ்களைத் தேட வேண்டும். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. இருக்கும் பழைய இதழ்களைத் தேடிப் படியெடுக்க வேண்டிய காலம் இது. 1935 முதல் வெளிவரும் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவமாக்கியுள்ளது. ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடும் இறுதியாண்டு மாணவர்களே, இதோ ஒரு தலைப்பு!

மூன்றாவது, இந்த ஆண்டு மலரில் அந்நினைவுகளுக்கென இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும். முன்னாள் மாணவர்களும் இதில் கைகொடுக்க வேண்டும். உங்கள் தந்தையர் தலைமுறையே இப்போது தாத்தாக்கள் ஆகிவிட்டது.

1953-இல் பதினேழு வயதில் வானொலி கேட்டவருக்கு இன்று ஏறக்குறைய தொண்ணூறு வயது. நமக்கு இருப்பது சில ஆண்டுகள்தாம். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, தாத்தா பாட்டி உள்ளவர்கள் தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பேசத் தொடங்கும்போது, தயவுசெய்து, "அப்புறம் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.