பூக்காத பதினோரு ஆண்டுகள்

மூணாறில் 2006-இல் நீலக்குறிஞ்சி பூத்தது, பிறகு 2018-இல். அந்த ஆண்டு கேரளத்தைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டதால் வந்தவர்கள் குறைவு. அடுத்த பூப்பு 2030. விடுதிக்காரர்களைக் கேட்டால் அந்த ஆண்டைத் தூக்கத்திலும் சொல்வார்கள். அதுவரை செடி எந்தச் சரிவில், எந்த நிலையில் நிற்கிறது என்பதில்தான் யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை.

2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சி முதன்முறையாக இடம்பெற்றது, 'அழியவாய்ப்புள்ள இனம்' என்ற தகுதியோடு. இத்தனை புகழ்பெற்ற பூவை உலக அளவில் மதிப்பிட இவ்வளவு காலம் ஆனதே வியப்புதான். கடல்மட்டத்திலிருந்து 1,340 முதல் 2,600 மீட்டர் வரையுள்ள புல்வெளிகளில் மட்டுமே இது வளர்கிறது. அந்த வாழிடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏற்கெனவே பறிபோய்விட்டது. எஞ்சியிருப்பது 34 கூட்டங்கள். அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில். ஒன்றே ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில், நம் ஏற்காட்டில். பெயர் வாங்கியது மூணாறு என்றாலும், கூட்டங்கள் அதிகம் இருப்பது நீலகிரியில்.

சட்டமும் வந்துவிட்டது. திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. பூவைப் பறித்தாலோ செடியைப் பிடுங்கினாலோ குற்றம். மூணாறின் கணக்குக்கு வெளியே 2022-இல் கேரளத்தின் சாந்தன்பாறைக் கள்ளிப்பாறையில் பூத்தபோது கையில் கொத்தோடு படம் எடுத்துக்கொண்டவர்களை நினைத்தால், இது வேண்டிய சட்டம்தான். ஆனால் அது காவல் காப்பது வன நிலத்தையும் மத்திய அரசு தனியே அறிவிக்கும் பகுதிகளையும். பட்டா நிலத்துச் சரிவில் மண்வாரி இயந்திரம் இறங்கினால்? பூப் பறித்தவருக்கு வழக்கு. மலையைச் சமன் செய்தவருக்குக் கட்டட அனுமதி.

பூவைக் கொண்டாடும் நாம் செடியின் கதையை மறந்துவிடுகிறோம். ஒரு குறிஞ்சிச் செடி வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்துக் காய்த்ததும் அது செத்துப்போகும். பார்க்க வந்தவர்கள் மலை இறங்கிய பிறகும் காய் முற்றி, வெடித்து, விதை மண்ணில் விழப் பல மாதங்கள் ஆகும். அப்போது சரிவு முழுக்கக் காய்ந்த குச்சிகள். அந்த நேரத்தில் ஒரு தீ வைத்தால் போதும், பன்னிரண்டு ஆண்டு முதலீடும் சாம்பல். தப்பி முளைத்தாலும் அடுத்த பதினோரு ஆண்டுகள் அது வெறும் பச்சைப் புதர். வருவாய்த்துறைக் கண்ணுக்குப் புல்வெளியே பெரும்பாலும் தரிசு. அதில் இந்தப் புதர் எம்மாத்திரம்?

பழனி மலையைப் பாருங்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதை 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. காரணம் பூப் பறித்தவர்கள் அல்லர், மரத்தோட்டங்களும் விவசாயமும். மரம் நட்டால் புண்ணியம் என்று சொல்லிச் சொல்லி, புல் இருந்த இடமெல்லாம் யூகலிப்டஸும் பைனும் வாட்டில் எனப்படும் சீகையும் ஏறிவிட்டன. வட்டவடை, கொட்டக்காம்பூர் பகுதியில் 2006-இல் கேரளம் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயமும் நிலவுரிமைத் தகராறில் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. அறிவித்தது பூத்த ஆண்டில். இழுபறி நடந்தது பூக்காத ஆண்டுகளில்.

எனவே 2030-க்கான சிறப்புப் பேருந்துகளையும் நுழைவுச் சீட்டுகளையும் பற்றிப் பேசும் முன், பூக்காத இந்த ஆண்டுகளிலேயே தமிழகமும் கேரளமும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. கூட்டங்கள் இருக்கும் சரிவுகளைச் சர்வே எண்ணோடு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வன நிலத்துக்கு வெளியே இருப்பவற்றைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கச் சொல்லி மத்திய அரசிடம் கேட்க வேண்டும். ஏற்காட்டில் இருக்கும் அந்த ஒற்றைக் கூட்டத்துக்கு முதலிடம்.

புல்வெளியை மீட்பதில், சீகையை அகற்றுவதுதான் பெரும்பாடு. தமிழக அரசு 2022-இல் அயல் தாவரங்களுக்கெனக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் மரத்தை வெட்டியதும் வெயில் பட்டு, மண்ணுக்குள் பல்லாண்டுகளாகக் கிடந்த சீகை விதைகள் கூட்டமாக முளைக்கும். கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கினால் வேலை முடிந்தது. விட்டால் மறுபடி ரம்பம்தான். ஆகவே ஒருமுறை வெட்டிவிட்டுக் கணக்கை முடிக்கும் ஒப்பந்தம் இதற்கு உதவாது. பிடுங்கும் கூலியை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்க வேண்டும், பூ இல்லாத ஆண்டிலும்.