பாசி படித்த பேராசிரியர்

நமது வீட்டு மசாலாச் சாமான்களுக்கிடையே கல்பாசி என்றொரு கருஞ்சாம்பல் நிறச் சருகு கிடக்கிறது. குழம்பு மணத்தால் போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். அது இலையுமன்று, வேருமன்று. பெயர் சொல்வதுபோல் வெறும் பாசியுமன்று. காளானும் பாசியும் கூடிக் குடித்தனம் செய்யும் விந்தை அது. காளான் வீடு கட்டி ஈரம் காக்கிறது. பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைக்கிறது. சாஸ்திரக்காரர்கள் இவ்வினத்தை லைக்கென் என்பர்.

இந்த எளிய உயிருக்குத் தம் ஆயுளை அர்ப்பணித்தவர், லக்னோ ஸர்வகலாசாலைத் தாவர சாஸ்திரப் பேராசிரியர் தரணி தர் அவஸ்தி (1922–2011).

முன்னாளில் நமது மலைகளில் சேகரித்த மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பியக் காட்சிசாலைகளை அடைந்தன. அவற்றின் வர்ணனைகளோ லத்தீனிலும் பிற பாஷைகளிலும் சிதறிக் கிடந்தன. நம் நாட்டுப் பாறையில் வளர்வதன் பெயரை அறிய, நம் மாணவன் கடல் கடந்து விசாரிக்க வேண்டியிருந்தது!

இக்குறையைத் தீர்க்க அவஸ்தி முனைந்தார். 1965-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை லைக்கென்களின் அட்டவணையை வெளியிட்டார். இலைபோலும் புதர்போலும் வளர்பவற்றை இனங்காணும் வழிகாட்டி 1988-லும், பாறையோடு பொருக்காய் ஒட்டுபவற்றுக்கானது 1991-லும் வந்தன. எண்பது வயது கடந்தபின், 2007-லும் ஒரு பெருந்தொகுப்பை அளித்தார்.

இது கண்ணால் பார்த்துப் பெயர் சூட்டும் வேலையன்று. ஒரு துளி காரநீர் விட்டால் நிறம் மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். சீவலாக அரிந்து பூதக்கண்ணாடியில் வித்துக்களை ஆராயவேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இத்தனை பொறுமை!

பயன் யாது என்று சிலர் கேட்கலாம். லைக்கெனுக்கு வேரில்லை, காற்றும் மழையும் தருவதையே உண்கிறது. ஆகவே கந்தகப் புகை மிகுந்த நகரங்களில் பல இனங்கள் முதலில் மறைகின்றன. இருந்தது இன்னதென்று அறிந்தால்தானே, இழந்தது இன்னதென்று கூறமுடியும்? பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வன. மரத்திலிருந்து ஒரு நாளில் சுரண்டியது மீண்டும் தழைக்க வெகுகாலம் செல்லும்.

உலக லைக்கென் அறிஞர் சங்கம் அவருக்கு அகாரியஸ் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. அவர் சேகரித்த மாதிரிகள் லக்னோவின் தேசியத் தாவர ஆராய்ச்சி நிலையத்திலேயே இருக்கின்றன. இனி நம் மாணவன் கப்பலேற வேண்டியதில்லை, ரயிலேறினால் போதும். அவன் போகவேண்டும் என்பதே நமது விருப்பம்.