சும்மா நிற்பது குற்றமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வத்தளையில் எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கடிதம் சுற்றுகிறது. இஷாவுக்குப் பிறகு சந்தியிலும் பூட்டிய கடைகளின் திண்ணையிலும் கூடி நிற்கும் பொடியன்களைப் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போகவேண்டுமாம். பெற்றோர் பலர் கையொப்பம் போட்டுவிட்டார்கள். இப்போது ஆசிரியர்களான எங்களிடம் கேட்கிறார்கள். "சும்மா நிக்கிறவன உள்ளுக்குப் போட்டா என்ன தப்பு சேர்?"

என்ன தப்பு என்று சொல்கிறோம்.

நீங்கள் கேட்கும் சட்டம் புதிதல்ல. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெள்ளைக்காரன் 1824இல் தன் நாட்டு ஏழைகளுக்குப் போட்ட சட்டத்தின் சாயல் அது. ஆண்டையும் கவனியுங்கள். அதற்கு முந்திய வருடம்தான் காணிகளை முடிக்குரியதாக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. காடெல்லாம் கோப்பித் தோட்டமாகிக்கொண்டிருந்த காலம். காணியும் வேலையும் இல்லாமல் ரோட்டில் நிற்பவனைக் கண்டாலே ஆட்சிக்காரனுக்குப் பயம்.

அடுத்தவரின் வராந்தாவிலோ கொட்டிலிலோ வண்டியிலோ அனுமதி இல்லாமல் தங்கியிருக்கிறீர்கள். பிழைக்கும் வழி எதுவும் வெளியில் தெரியவில்லை. உங்களைப் பற்றி ஒழுங்கான விளக்கமும் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான், நீங்கள் குற்றவாளி. முதல் தடவை என்றால் 14 நாள் சிறை வரை, அல்லது 10 ரூபாய் வரை தண்டம். உடலில் தெம்பு இருந்தும் தெருவில் கை நீட்டினால் அதுவும் இதே வகைக் குற்றம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஸதகா கொடுக்கும் நமக்கு நன்மை, வாங்கும் அவருக்குப் 14 நாள்!

10 ரூபாய்க்கு இன்று ஒரு பிளேன்டீயும் வராது. ஆனால் பிடிபட்டவருக்கு ஓர் இரவு பொலிஸில் போகும், ஒரு நாள் கூலி போகும், ஊரில் பெயர் போகும். சட்டத்தரணி பிடிக்கக் காசில்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போகத்தான் பார்ப்பார். இரவில் ரோட்டில் நிற்கும் பெண்கள் மேலும் திருநங்கைகள் மேலும் இந்தச் சட்டம்தான் பாய்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நிரூபிக்கப் பெரிதாக ஒன்றும் தேவைப்படுவதில்லை. 1907இல் வந்த தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டமும் கூட இருக்கிறது. கங்கொடவில மெத்செவனவுக்கு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி நம் குழுக்களில் யாரும் கடிதம் எழுதியதை நாங்கள் காணவில்லை.

ஒழுங்கான விளக்கமா இல்லையா என்று அந்த இடத்தில் தீர்மானிப்பது யார்? பொலிஸ்காரர். முதலில் யாரை நிறுத்திக் கேட்பது என்பதும் அவர் கண்ணைப் பொறுத்தது. மோலில் 1,500 ரூபாய்க் கோப்பியோடு மூன்று மணித்தியாலம் குந்தியிருக்கும் பிள்ளையிடம் யாரும் கேட்கமாட்டார்கள். தாடி வைத்த, சிங்களம் திக்கித் திக்கிப் பேசும் நம் பிள்ளையிடம் கேட்பார்கள்.

இதைக் கொழும்பு ஒரு தடவை பார்த்துவிட்டது. களனி ஆற்றைத் தாண்டினால் கொட்டாஞ்சேனை, அங்கே வயதானவர்களிடம் கேளுங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் பொலிஸ் நுழைந்து, தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரை பஸ்களில் ஏற்றி அனுப்பியது. வெளிநாட்டுப் பயணத்துக்கு வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் சுற்றித் திரிபவர்களை ஊருக்கு அனுப்புவோம், வாகனமும் தருவோம் என்று அப்போதைய பொலிஸ்மா அதிபர் விக்டர் பெரேரா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அறைக்கு வாடகை கொடுத்துத் தங்கியிருந்தவர்களும் அன்று சும்மா நிற்பவர்கள் ஆனார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க கவலை தெரிவித்தார். அன்று "காரணம் என்ன?" என்று கேட்கப்பட்டவர்கள் தமிழர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அதே கேள்வி நம்மிடம் வந்தது. அப்போது நமக்கு எப்படி வலித்தது! இப்போது நாமே எழுத்தில் கொடுத்துக் கூப்பிடுகிறோம்.

சட்டம் செய்த நாடே மனம் மாறிவிட்டது. 1824ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதற்கு பிரித்தானியப் பாராளுமன்றம் 2022இல் சம்மதித்தது. 2018இல் டில்லி மேல் நீதிமன்றம், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளைச் செல்லாது என்றது. நாம் மட்டும் 1841ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மார்க்கம் பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதையில் அமர்வதைத் தவிருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை இந்தக் கடிதத்துக்குக் கீழே ஒருவர் போட்டிருந்தார். பாதியோடு நிறுத்திவிட்டார். எங்களுக்குப் பேசிக்கொள்ள வேறு இடமில்லையே என்று ஸஹாபாக்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமலிருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முழுதாக வாசித்துவிட்டுப் பகிருங்கள்.

ஐஸ் பயம் எங்களுக்கும் இருக்கிறது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை முதலில் காண்பது நாங்கள்தான். ஆனால் போதை விற்பவனைப் பிடிக்கத் தனிச் சட்டம் உண்டு. பெண் பிள்ளைகளைச் சீண்டுபவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு உண்டு. விற்பவன் யாரென்று தெரிந்தால் அவன் பெயரைக் கடிதத்தில் எழுதுங்கள், முதல் கையொப்பம் எங்களுடையது. அவன் பெயரை எழுதப் பயந்து, பெயரில்லாத முப்பது பொடியன்களை எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அவர்கள் ஏன் சந்தியில் நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? இரண்டு அறை வீடு, ஆறேழு பேர். தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிறாள், உம்மா தையல் மெஷினில் இருக்கிறார், வாப்பா ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறார். அந்தப் பிள்ளைக்குக் கால் நீட்ட இடமில்லை. பாடசாலை மைதானத்தை இரண்டு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறோம்.

ஆகவே அந்தக் கடிதத்தில் நாங்கள் கையொப்பம் போடமாட்டோம். வேறொரு கடிதம் எழுதியிருக்கிறோம், அதிபருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும். இரவு ஒன்பது வரை மைதானக் கேட்டைத் திறந்து வையுங்கள், இரண்டு லைட் போடுங்கள், ஆசிரியர்கள் முறை வைத்து நிற்கிறோம் என்று. எட்டுப் பேர் சம்மதம். கரண்ட் பில்லுக்கு உதவ விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.