பாட்டு யாருக்குச் சொந்தம்?

"கவி பாடியது ஊருக்குப் பொது, அதற்கு உரிமை ஏது?" என்பாருண்டு. அங்ஙனமாயின் கவியின் குடும்பம் எதை உண்பது?

பாரதியார் 1921-இல் காலமானார். பின்னர் அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. தேசத்தை எழுப்பிய கீதங்களைப் படத்தில் பாடவும் அனுமதி வேண்டியதாயிற்று! தமிழன்பர்கள் கிளர்ச்சி செய்தனர். 1949-இல் சென்னை சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி ஈந்தார். கவியின் மனைவியாருக்கும் புதல்வியருக்கும் பணம் அளிக்கப்பட்டது. பாட்டு பொதுவாயிற்று, குடும்பமும் மறக்கப்படவில்லை.

எல்லா ஆசிரியருக்கும் இப்பேறு வாய்க்குமா? ஆதலால்தான் இன்றைய சட்டம் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமையைக் காக்கிறது. சொந்தப் படிப்புக்கும் விமரிசனத்துக்கும் நியாயமாக எடுத்தாளலாம். முழு நூலையும் நகலெடுத்து விற்பதோ தமிழ்த் தொண்டன்று, திருட்டேயாம்.