வந்த வாசலை அடைக்காதீர்

நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டியவன் கதையை வகுப்பிலே பன்முறை கூறி மாணவரைச் சிரிக்க வைத்திருக்கிறோம். சென்ற தவணையில் அக்கதையின் நாயகர் நாமே ஆகிவிட்டோம்!

நிலாவெளியிலுள்ள எம் இல்லத்துக்கும் பட்டினத்துக் கல்லூரிக்கும் இடையே சுமார் 15 கிலோமீற்றர் தூரம். ஓரிரவு வீட்டிலிருந்தபடியே கல்லூரி ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினியுள் இணையவழி புகுந்தோம். மறுநாட் காலை உயர்தர வகுப்பினருக்குச் செய்முறைப் பயிற்சி. அவர்களது கணினிகளுக்கோ தொடர்பு கிட்டவில்லை.

அக்கணினிக்கு வலையமைப்பு இடைமுகங்கள் இரண்டு. இடைமுகம் யாதெனில், கணினியாகிய துறைமுகத்தின் இறங்குதுறை எனலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயருண்டு; முகவரியுண்டு; திறத்தலும் மூடலும் உண்டு. ஒன்று வெளியுலகை நோக்கியது. மற்றது மாணவரை நோக்கியது.

இவற்றை ஆளும் 'இஃப்கொன்பிக்' என்னும் கட்டளை 1983இல் பேர்க்லி யூனிக்ஸில் வெளிவந்தது. இன்றைய லினக்ஸில் 'ஐபி' என்னும் கட்டளை அவ்விடத்தைப் பெற்றுள்ளது. முன்னர் ஈத்0, ஈத்1 எனக் கண்டறிந்த வரிசையிலே பெயரிடுவர். மறுமுறை தொடங்குகையில் பெயர்கள் இடம் மாறுவதுமுண்டு. 2013 முதல், பொருத்திய இடத்தைக் கொண்டு நிலையான பெயரிடும் முறை வந்தது. எம் கணினியின் இரு பெயர்களுக்கும் ஓரிலக்கமே வேறுபாடு.

மாணவர் பக்கத்து இடைமுகத்தை மூடித் திறக்க எண்ணிய நாம், 3க்குப் பதிலாக 2 எனத் தட்டினோம். திரை சிலையாயிற்று. நாம் வந்த வாசலை நாமே அடைத்துவிட்டோம். 'திற' என்னும் கட்டளையும் அவ்வாசல் வழியேயன்றோ செல்லவேண்டும்?

விடியலில் முதற் பஸ் ஏறி, சாம்பல்தீவும் உப்புவெளியும் கடந்து கல்லூரி அடைந்தோம். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினோம். வாசல் திறந்துகொண்டது, மாணவர் பக்கமும் சீராயிற்று.

"சேர், நீங்கள் விட்ட பிழையைக் கணினி எப்படி மறந்தது?" என்றான் மாணவன் ஒருவன்.

நல்ல கேள்வி. கட்டளையால் செய்யும் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தில் மட்டுமே நிற்கும். தொடங்கும்போது கணினி படிப்பது வட்டில் எழுதிவைத்த அமைப்புக் கோப்பையே. கோப்பிலும் அப்பிழையை எழுதியிருந்தோமாயின் மறுதொடக்கமும் எம்மைக் காத்திராது.

இம்மறதியையே காவலாக்கலாம். தொலைவிலிருந்து இடைமுகத்தைத் தொடுமுன், 'பத்து நிமிடத்தில் மறுபடி தொடங்குக' எனக் கணினிக்குக் கட்டளையிடுங்கள். பின்னரே மாற்றம் செய்யுங்கள். எல்லாம் நலமெனில் அக்கட்டளையை நீக்கிவிட்டு, மாற்றத்தைக் கோப்பில் எழுதுங்கள். வாசல் அடைபட்டாலோ, பத்து நிமிடம் பொறுத்தால் போதும். கணினி தானே மறுபடி தொடங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும்.

அவ்விரவு நாம் இதனைச் செய்திருந்தால், விடியற்காலைப் பயணம் மிச்சமாகியிருக்கும். நுனிக்கொம்புக் கதையை இப்போதும் வகுப்பிலே சொல்கிறோம். முதலிற் சிரிப்பவர் நாமே.