உச்சிவெயிலில் சுருண்ட இலை

சென்ற வாரம் வீரபாண்டி கௌமாரியம்மனைத் தரிசிக்கும் பேறு கிட்டியது. ஆலயத்தை ஒட்டி முல்லைப்பெரியாறு. அதன் கரையெங்கும் நெல்வயல். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கே பொழிந்துவிட, 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையின் நீரால் தழைக்கும் கம்பம் பள்ளத்தாக்கு அது. தேனியைக் கடந்து ஆண்டிபட்டிப் பக்கம் வந்தாலோ, வானம் பார்த்த மானாவாரி பூமி. அங்கே நின்ற சோளப்பயிர் ஒரு பழைய நினைவை எழுப்பிற்று.

அடியேன் வங்கியில் சேர்ந்த புதிது. பயிர்க்கடனின் இரண்டாம் தவணைக்காக அப்பகுதியில் ஒரு பெரியவரின் நிலத்தைப் பார்வையிடச் சென்றேன். நண்பகல். சோளத்தோகைகள் எல்லாம் குழல்போல் சுருண்டு கிடந்தன. ‘பயிர் கருகிவிட்டது’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

“சார், உச்சி வெயில்ல பாத்தா அப்பிடித்தான் தெரியும். நாளைக்கு விடியக்காலம் ஒரு எட்டு வந்து பாருங்க. அதுவரைக்கும் எழுதாதீங்க” என்றார் பெரியவர்.

மறுநாள் சென்றேன். அத்தனை தோகைகளும் விரிந்து நின்றன!

சோளத்தோகையின் மேற்புறத்தில் பெரிய நீர்ப்பைகள் போன்ற உயிரணுக்கள் உண்டு. நீர் நிறைந்திருக்கையில் அவை புடைத்து, தோகை விரிந்திருக்கும். நீர் குறைந்தால் அவை தளர்ந்து, தோகை உட்புறமாகச் சுருளும். வெயில் படும் பரப்பு குறையும். சுருளுக்குள் ஈரக்காற்று தங்கும். நீர் ஆவியாவது மட்டுப்படும். இரவில் வேர் உறிஞ்சும் நீரால் தோகை மீண்டும் விரியும். ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுத்துக்கொள்வதைப் புலனடக்கத்துக்கு உவமை கூறுகின்றன கீதையும் திருக்குறளும். ஓரிடம் விட்டு நகர முடியாத பயிருக்கும் அந்த அடக்கத்தை இறைவன் அருளியிருக்கிறான்.

தவணை வழங்கப்பட்டது. பத்து நாளில் மழை இறங்கியது. தை மாதம் கடனை அடைக்க வந்த பெரியவர் இன்னொன்றும் சொல்லிப் போனார்: “விடிஞ்சும் விரியாத தோகைதான் சார் உசுருக்குத் தவிக்குது.”

நம் இல்லங்களிலும் சிலர் சோதனைக் காலத்தில் பேச்சைக் குறைத்து ஒடுங்கியிருப்பர். உச்சிவெயிலில் பார்த்து அவர்கள் கணக்கை முடித்துவிட வேண்டாம். விடியும்வரை பொறுத்துப் பார்ப்போம். விடிந்தும் மலராதிருந்தால், தண்ணீரோடு முதலில் ஓட வேண்டியவர்கள் நாமே.