தூர்வாரிய கணக்கு இருக்கட்டும், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

தூர்வாரிய ஏரிக்கரையில் நிற்கும் பலகையைப் படித்துப் பாருங்கள். திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பணி முடிந்த நாள் எல்லாம் இருக்கும். எத்தனை ஏக்கருக்குக் கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்தது என்பது இருக்காது.

2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டபோது சொல்லப்பட்டது 100 கோடி ரூபாய், 1,519 பணிகள் என்பதே. பாசன விவசாயிகளையே வேலையில் சேர்த்தது நல்ல ஏற்பாடு. ஆனால், சொன்ன இரண்டு எண்ணும் செலவுப் பக்கத்தைச் சேர்ந்தவை. இத்தனைக்கும், செலவால் கிடைத்த பலனையும் காட்ட வேண்டும் என்று மத்திய அரசில் ப. சிதம்பரம் தனி பட்ஜெட் அறிக்கையே வைத்தது 2005-ல்.

செலவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கமே சாட்சி. வேதியியல் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி, வேலையை விட்டுவிட்டு 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய் கட்ட, கிரானைட் ஆலைகள் ஒதுக்கிய கற்களையும் உள்ளூர் ஆட்களையும் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, கால்வாயும் கிடைத்தது. ஆனால் மதிப்பீட்டில் எழுதியபடி வேலை நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டாகி, அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பிறகு பதவி திரும்பக் கிடைத்தது. மதிப்பீட்டுத் தொகை முழுவதையும் விதிப்படி செலவழித்து, தண்ணீர் ஓடாத கால்வாயைக் கட்டியிருந்தால் கோப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது!

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் பணம் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். செலவுக் கணக்கோடு பலன் கணக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை நீங்களே எடுக்கலாம். தூர்வாரும் முன்பு ஏரியில் நான்கைந்து இடங்களில் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். மதகில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, கடைமடையில் எந்த வயல் வரை பாய்ந்தது, ஏரிக்குக் கீழே உள்ள கிணறுகளில் மே மாதம் எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்பதையும் குறியுங்கள். வேலை முடிந்த அடுத்த ஆண்டு இதையே மறுபடி எடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நல்ல மழை பெய்தால் தூர்வாராத ஏரியும் நிரம்பும். அதனால் மழையளவையும் சேர்த்து எழுதுங்கள். ஏறக்குறைய ஒரே அளவு மழை பெய்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். வரத்துக் கால்வாய் அடைத்துக் கிடந்தால், ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தியும் பயனில்லை. அதையும் நடந்து பார்த்துவிடுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அந்த நோட்டை எடுத்துப் போய், பணியின் அளவைப் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாசனம் பெற்ற ஏக்கர் கணக்கையும் அந்தப் பலகையில் எழுத வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லி, அது பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.